காற்றின் கண்

பிளேட் மூன்றாவது தடவையாக முறிந்தது. யாருடைய காலிலாவது ஏறிவிடக் கூடாதென்று நகுலேஸ்வரி முறிந்த துண்டைத் தேடியெடுத்து வெறும் மருந்துப் பெட்டிக்குள் போட்டாள். கத்தியில் புதுப் பிளேட் ஒன்றைச் செருகிக்கொண்டு குளியலறையிலிருந்து கொண்டுவந்த முக்காலியில் மறுபடி ஏறினாள். யன்னல் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் அடைத்திருந்த சிலிக்கன் பசை, ரப்பர்போலத் தடித்துக் கிடந்தது. போதாததற்கு அதன்மேல் இரண்டு தரம் பெயின்ரும் அடித்திருந்தது. காலை ஏழரைக்குத் தொடங்கியவள் ஒன்பது மணிக்கு ஒரு பக்கத்தில் அரைவாசிதான் வெட்டி முடித்திருந்தாள்.

அவளுக்குப் பின்னால், ஆஸ்பத்திரிக்காரர் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பொருத்திவிட்டுப் போன கட்டிலில் அவளுடைய கணவர் சண்முகராசா கிடந்தார். மூச்சு வந்தது, நின்றது, பிறகு வந்தது. நிற்கிற நேரமெல்லாம் அவள் கையிலிருந்த கத்தியும் நின்றது. மூச்சு திரும்பியதும் கத்தியும் வேலைக்குத் திரும்பியது.

முதல்நாள் பின்னேரம் வந்த தாதி மெற்றில்டா, வாசலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டே, "அன்ரி, கோசிகாவை வரச்சொல்லுங்கோ. இண்டைக்கோ நாளைக்கோதான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நகுலேஸ்வரி மகளுக்கு ஃபோன் எடுத்தாள். அதற்குப் பிறகு உட்கார்ந்து அழவில்லை. தோட்டத்து ஷெட்டுக்குப் போய்க் கணவருடைய கருவிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அவர் போகும்போது இந்த யன்னல் திறக்க வேண்டும். திறப்பதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு.

இதிலே சிரிப்பு என்னவென்றால், சண்முகராசாவின் தொழிலே யன்னல் பொருத்துவதுதான். கோலியர்ஸ் வுட்டில் தொடங்கி, இந்தப் பக்கம் சவுத்தால், அந்தப் பக்கம் வால்தம்ஸ்டோ என்று லண்டனில் அவர் இரட்டைக் கண்ணாடி போடாத தெரு குறைவு. தன் சொந்தப் படுக்கையறைக்கு மட்டும் எப்போதோ ஒரு வெள்ளைக்காரத் தச்சன் அடித்துவிட்டுப் போன மர யன்னல்தான். "எங்கட வீட்டுக்கு இஞ்சத்தைச் சாமான் சரிவராது, நோர்வே யன்னல்தான் போடவேணும், ஒரு சுத்துச் சுத்தினா வெளிப்பக்கக் கண்ணாடியும் உள்ளுக்கு வரும்" என்று ஒரு சட்டத்தை வரவழைத்தார். அது ஷெட்டுக்குள் ஒன்பது வருடமாக நிற்கிறது. சட்டம் வந்த வருடம் குளிர் அடிக்கிறதென்று அவள் புறுபுறுத்தபோது, "இந்த வின்ரருக்கு மட்டும்" என்று சொல்லிப் பழைய யன்னலைச் சுற்றிச் சிலிக்கன் அடித்தார். அதுவும் போதாதென்று கீழ் மூலைகளில் இரண்டு ஸ்குறூவும் ஏற்றினார். ஊருக்கெல்லாம் நேரம் இருந்தது, வீட்டுக்கு இருக்கவில்லை. அவள் அதைச் சொல்லிச் சொல்லியே ஒன்பது வருடம் போய்விட்டது.

கீழே கதவு திறந்து சாத்தப்பட்டது. மகள் கோசிகா வால்தம்ஸ்டோவிலிருந்து இரண்டு ரெயின் மாறி வந்திருந்தாள். கோட்டைக் கழற்றாமலே மேலே வந்து, தகப்பனின் நெற்றியில் கைவைத்து, குனிந்து ஏதோ சொன்னாள். நிமிர்ந்தபோதுதான் தாய் முக்காலியில் நிற்பதைச் சரியாகப் பார்த்தாள்.

"அம்மா, என்ன செய்யிறியள்? இறங்குங்கோ."

"யன்னலை வெட்டி எடுக்கிறன்."

"இது ஜனவரி அம்மா. அப்பாக்குக் குளிரும்."

"இப்ப திறக்கேல்லை. திறக்கக்கூடியமாதிரிச் செய்து வைக்கிறன்."

கோசிகா ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். எந்த யன்னல், எதற்காக என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து தாய் தகப்பனிடம் கேட்டுக் கேட்டு அலுத்த கதை அது.

"என்ர பழைய ரூமில நல்ல யன்னல் இருக்குத்தானே. அப்பாவை அங்க கொண்டு போவமே?"

"கட்டில் கதவால போகாது. ஆளைத் தூக்கினா நோகும். தூக்கவேண்டாம் எண்டு மெற்றில்டா சொன்னவ."

"அப்ப சுந்தரராஜன் மாமாவைக் கூப்பிடுவம். அவர் வந்தா அஞ்சு நிமிஷ வேலை."

சுந்தரராஜன் திருச்சிக்காரர். சண்முகராசாவோடு பன்னிரண்டு வருடம் ஒரே வான் வண்டியில் வேலைக்குப் போனவர். கூப்பிட்டால் பறந்து வருவார்.

"நான் திறக்கிறன் எண்டுதான் சொன்னனான்," என்றாள் நகுலேஸ்வரி. "ஆள் வைச்சுத் திறக்கிறன் எண்டு சொல்லேல்லை."

அந்தக் குரல் கோசிகாவுக்குத் தெரியும். அதற்குமேல் பேசிப் பலனில்லை. கோட்டைக் கழற்றிக் கீழே கொழுவிவிட்டு வந்து முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கதை நோர்வேயில் தொடங்கியது. எண்பத்தாறில் அகதியாகப் போய் இறங்கிய சண்முகராசா, வடக்கே மீன் ஃபக்ரறியில் இரண்டு வருடம் விரல் விறைக்க நின்றுவிட்டு, மேற்குக் கரையில் ஒரு யன்னல் ஃபக்ரறிக்கு மாறினார். மொழி வகுப்பில் ரீச்சர் யன்னலை 'விண்டு' என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். ஃபக்ரறியில் பள்ளத்தாக்குகளிலிருந்து வந்த ஆட்கள் 'விண்டௌகா' என்றார்கள். இரண்டும் இரண்டு விதமான யன்னல்கள் என்று நினைத்து முதல் கிழமை முழுக்க அவர் மற்ற வகையைத் தேடிக்கொண்டு திரிந்தார். பிறகுதான், பக்கத்து மெஷினில் நின்றவன் சாப்பாட்டு நேரத்தில் பாண் உறையில் கீறிக் காட்டினான். வின்ட் என்றால் காற்று. ஔகா என்றால் கண். பழைய காலத்தில் வீட்டுக் கூரையில் புகை போக ஒரு ஓட்டை விடுவார்கள், காற்று அதனால் வந்து பார்க்கும், அதுதான் காற்றின் கண். நகரத்தார் வாயில் அது தேய்ந்து விண்டு ஆகிவிட்டது.

சண்முகராசாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கண்ணாடி என்று ஒன்று வருவதற்கு முன்பே பிறந்த சொல்லை, கண்ணாடி போடுகிறவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே என்று வீட்டுக்கு வந்து அதிசயப்பட்டார். அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். டென்மார்க்கில் இருந்த தங்கச்சி தவநாயகியை ஃபோனில் கேட்டார். அவள் 'வெண்டு' என்றாள். சுவீடனில் இருந்த சிநேகிதன் 'ஃபொன்ஸ்டர்' என்றான். அங்கேயும் முந்தி காற்றின் கண்தான் இருந்ததாம், ஜெர்மன் வியாபாரிகள் வந்து தங்களுடைய சொல்லை விற்றுவிட்டுப் போய்விட்டார்களாம். ஐஸ்லாந்துக்காரன் 'குளுக்கி' என்கிறான், எட்டிப் பார்க்கிற துவாரம் என்கிற மாதிரி. ஃபாரோத் தீவிலிருந்து வந்த லொறிக்காரன் ஒருவன் 'விண்டெய்யா' என்றான், அதில் காற்றும் கண்ணும் தேயாமல் அப்படியே இருந்தன. அன்று அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்து, லொத்தர்ச் சீட்டு விழுந்ததோ என்று நகுலேஸ்வரி கேட்டாள். பின்லாந்தில் 'இக்குனா'. அது ரஷ்யப் பக்கத்தால் வந்த வேறு சொல், ஆனால் தோண்டிப் பார்த்தால் அதற்குள்ளும் ஒரு கண் இருக்கிறது என்றார்.

மகளின் படிப்புக்காக லண்டன் வந்த பிறகு, நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். இங்கிலீஷ்காரனுடைய விண்டோவும் அதே சொல்தானாம், ஆயிரம் வருடத்துக்கு முன் நோர்வே ஆட்களோடு படகில் வந்து இறங்கினதாம். "எனக்கு முந்தி வந்திட்டுது நகுலா," என்றார். "விசாவும் இல்லை, ஒண்டும் இல்லை. வந்து, இஞ்ச முந்தி இருந்த சொல்லையும் துரத்திப்போட்டு இருக்குது."

நகுலேஸ்வரியின் பங்கு வேறு. நோர்வேயில் அவள் வேலை செய்தது ஒரு முதியோர் இல்லத்தில். வேலைக்குப் போன இரண்டாவது மாதம், அவள் பராமரித்த ஒரு கிழவி காலையில் செத்துப்போனாள். பெரிய தாதி வந்து கண்ணை மூடினாள், கையை மடித்து வைத்தாள், பிறகு நேரே போய் யன்னலைத் திறந்தாள். வெளியே பனி. ஏன் என்று இவள் கேட்டதற்கு, போகிறவ போகட்டும் என்று, கட்டில் விரிப்பை மாற்றச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அன்று பின்னேரம் இதை வீட்டில் சொன்னபோது சண்முகராசா சாப்பாட்டுக் கையோடு அப்படியே இருந்துவிட்டார்.

"அப்ப அது பாக்கிறதுக்கு மட்டும் இல்லை," என்றார். பிறகு, "எனக்கும் நீர்தான் திறக்கவேணும்."

"வாயைக் கழுவுங்கோ," என்றாள். அப்போது அவளுக்கு முப்பது வயதுகூட இல்லை.

அதற்குப் பிறகு அந்த இல்லத்தில் அவள் எத்தனையோ பேருக்கு யன்னல் திறந்தாள். எண்ணி வைக்கவில்லை. அது அவளுக்கு ஒரு வேலை.

போன நொவெம்பரில் ஆஸ்பத்திரி நாலாம் மாடியில், இனி வைத்தியம் இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போன பின், சண்முகராசா மெல்ல எழுந்து யன்னலடிக்குப் போனார். விரலால் சட்டத்தைத் தட்டினார். பிணைச்சலைத் தடவிப் பார்த்தார். டொக்டர் அவரைச் சோதித்ததைவிடக் கவனமாகச் சோதித்தார்.

"இது நாலு விரலுக்கு மேல திறக்காது," என்றார். "ஆக்கள் விழாமல் இருக்கப் பூட்டினது. பிழை சொல்ல ஏலாது. ஆனா நான் இஞ்ச சாகேல்லை. வீட்டை போவம். நீர் திறப்பீர்தானே?"

"திறப்பன்," என்றாள். இந்தத் தடவை வாயைக் கழுவச் சொல்லவில்லை. வீட்டு யன்னலின் நிலைமை இருவருக்குமே அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை என்பதுதான் வேடிக்கை.

பத்தரை மணிக்குச் சிலிக்கன் முழுவதும் உரிந்து வந்தது. முதல் ஸ்குறூ சொன்னபடி கேட்டது. இரண்டாவது கேட்கவில்லை. தலைக்குள் பெயின்ர் உறைந்திருந்தது. ஊசியால் கிண்டியெடுத்துவிட்டுத் திருப்பினால் ஸ்குறூட்றைவர் வழுக்கியது. கோசிகா திருப்பிப் பார்த்தாள், அவளுக்கும் வழுக்கியது. நகுலேஸ்வரி மறுபடி வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, முழுப் பாரத்தையும் கொடுத்துத் திருப்பினாள். உள்ளங்கை தோல் உரிந்தது.

"முதல்ல இறுக்கும்."

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று மத்தியானத்திலிருந்து சத்தம் இல்லாத மனிதர். கண் பாதி திறந்திருந்தது. யன்னலைத்தான் பார்த்தார்.

"என்ன சொன்னனீங்கள்?" நகுலேஸ்வரி முக்காலியிலிருந்து இறங்கி ஓடி வந்தாள்.

"இறுக்கும்... பிறகு கழட்டும்."

அவ்வளவுதான். கண் மறுபடி சாத்திக்கொண்டது. நகுலேஸ்வரி அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு போய், கழற்றுவதற்குப் பதிலாக ஸ்குறூவை இறுக்கும் பக்கமாக அழுத்தித் திருப்பினாள். கிறீச் என்று ஒரு நெல்மணி அளவுக்கு அது இறுகியது. பிறகு மறுபக்கம் திருப்பினாள். வந்தது.

"வந்திட்டுது," என்று அவரைப் பார்த்துச் சொன்னாள்.

இனி அவர் எதுவும் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. முப்பத்துநாலு வருடம் கூட இருந்தவளுக்கு ஒரு வார்த்தை இல்லை, பெற்ற பிள்ளைக்கு ஒரு வார்த்தை இல்லை, முருகா என்றுகூட இல்லை. போகிற மனிதன் ஒரு ஸ்குறூவைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார். கோபம் இருந்த இடத்திலேயே பெருமையும் வந்தது. வேலை தெரிந்த மனிதன் என்று நினைத்தாள். இரண்டும் கோசிகாவுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று யன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

மரக்கட்டை ஒன்றை வைத்து, மகள் பிடிக்க, சட்டத்தைச் சுற்றிச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினாள். பெயின்ர் வெடித்தது. கைபிடியைப் பிடித்துத் தள்ளினாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு யன்னல் இரண்டு விரல் அளவுக்கு அசைந்து, கத்திபோலக் குளிர் உள்ளே வந்தது. அவள் சட்டென்று இழுத்துச் சாத்திக் கைபிடியைத் திருகிப் பூட்டினாள். பூட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. அவருடைய மூச்சைக் கேட்டாள். வந்தது, நின்றது, வந்தது.

"இப்ப இல்லை," என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று கோசிகா கேட்கவில்லை.

மத்தியானம் மெற்றில்டா வந்தாள். மருந்துப் பம்பைப் பார்த்தாள், நாடி பார்த்தாள், காலைத் தொட்டுப் பார்த்தாள். நிலமெல்லாம் கிடந்த சிலிக்கன் துண்டுகளையும் பார்த்தாள்.

"என்ன அன்ரி, வீடு திருத்திறியளோ?"

நகுலேஸ்வரி சொன்னாள். மெற்றில்டா கேட்டுக்கொண்டே குறிப்பு எழுதி முடித்தாள்.

"எங்களுக்கு ரெயினிங்கில அப்பிடி ஒண்டும் சொல்லித் தரேல்லை. ஆனா வாக்குக் குடுத்தா திறக்கத்தான் வேணும். இருட்ட முந்தி இருக்கும் அன்ரி. நான் பக்கத்துத் தெருவிலதான் நிப்பன், கோல் பண்ணுங்கோ."

அவள் போன பிறகு தாயும் மகளும் கட்டிலின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். கோசிகா ரீ போட்டு வந்தாள். ஆறியது. நிலத்தைக் கூட்டினாள். செய்ய வேறு வேலை இல்லாமல் போனதும் நகுலேஸ்வரி கருவிப் பெட்டியைத் திறந்து ஸ்குறூட்றைவர்களை அளவுப்படி அடுக்கத் தொடங்கினாள்.

"அப்பா சட்டத்துக்குப் பின்னால எழுதிறவராமே," என்றாள் கோசிகா. "சுந்தரராஜன் மாமா சொன்னவர். உண்மையா?"

"ஓம். பென்சிலால."

யன்னலைச் சுவரில் ஏற்றுவதற்கு முன், ஒருவரும் பார்க்காத பின்பக்கத்தில், அந்தச் சொற்களில் ஒன்றையும் திகதியையும் எழுதுவது சண்முகராசாவின் வழக்கம். பிறகு இடைவெளிக்கு நுரைப் பசை அடித்துப் பூசி மூடிவிடுவார். சவுத்தாலில் ஒரு பஞ்சாபி வீட்டுக் குசினிச் சுவருக்குள் ஃபாரோத் தீவுச் சொல் இருக்கிறது. ரூட்டிங்கில் ஒரு பல் டொக்டர் வீட்டில் பின்லாந்து இருக்கிறது.

ஒருமுறை இதை வைத்தே இருவருக்கும் சண்டை. நகுலேஸ்வரி சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். "ஊர் உலகத்துச் சொல்லெல்லாம் எழுதிறீங்கள், தமிழ் எங்க?" என்று கேட்டாள். "யன்னலோ? அது போர்த்துக்கீசன் விட்டிட்டுப் போனது. எங்களுக்கெண்டு சொந்தமா ஒரு சொல் இருக்கோ?" என்று சிரித்தார். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அகராதியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டாள். காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வருகிற வழி. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். "உம்மட ஆக்கள் கெட்டிக்காரர்," என்றார். "கண் எண்டால் பாத்துக்கொண்டு நிக்கலாம். வழி எண்டால் போகவேணும்." அடுத்த கிழமை வேலையால் வந்து, "உம்மட சொல்லை வால்தம்ஸ்டோவில ஒரு சுவருக்குள்ள வைச்சிட்டு வந்திருக்கிறன்" என்றார். அவளுக்கு அவர் நகை வாங்கிக் கொடுத்த நாட்களில்கூட அவ்வளவு மகிழ்ச்சி வந்ததில்லை.

"வால்தம்ஸ்டோவில எந்த வீடு?" என்று கோசிகா கேட்டாள்.

"கேக்கேல்லை," என்றாள். கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

இரண்டு மணிக்குத் தவநாயகி டென்மார்க்கிலிருந்து வீடியோவில் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "மச்சாள், அண்ணையின்ர காதடியில வையுங்கோ," என்றாள். கோசிகா ஃபோனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள்.

"அண்ணை, நான் தவம். நாளைக்கு வாறன். இஞ்ச பனி கொட்டுது. வெண்டு முழுக்க வெள்ளையாக் கிடக்கு, வெளியில ஒண்டும் தெரியேல்லை." அதற்குமேல் அவளால் ஏலவில்லை.

அவருடைய மூச்சு நின்று, நெடுநேரம் எடுத்து, திரும்பி வந்தது. தங்கச்சி சொன்னது கேட்டிருக்கும் என்று நகுலேஸ்வரி நம்பினாள். நம்புவதென்று முடிவெடுத்தாள்.

மூன்று இருபதுக்கு மூச்சு வெளியே போனது. இருவரும் காத்திருந்தார்கள். கோசிகா தகப்பனின் கையைப் பிடித்திருந்தாள். நகுலேஸ்வரி மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். இருபது வரை எண்ணினாள். நாற்பது வரை எண்ணினாள். பிறகு எண்ணுவதை விட்டாள்.

அவருடைய கண்ணை மூடிவிட்டாள். கையை மடித்து வைத்தாள். இவையெல்லாம் அவளுக்குப் பழகிய வேலை, கை தானாகவே செய்தது. கட்டிலிலிருந்து யன்னலுக்கு நாலு எட்டு. நடந்துபோய்க் கைபிடியில் கைவைத்தாள். அங்கேதான் கை நின்றது. காலையிலிருந்து பிளேட்டும் சுத்தியலுமாகப் போராடித் திறக்க வைத்த யன்னல், ஒரு விரலால் தள்ளினால் போதும். அவள் நின்றாள்.

"அம்மா," என்றாள் கோசிகா.

"ஓம். தெரியும்."

இன்னும் நின்றாள். கண்ணாடிக்கு அப்பால் எதிர்வீட்டுக் குப்பைத் தொட்டிகள் தெரிந்தன. அவளுக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான், வேறு காரணம் இல்லை. முப்பது வருடத்துக்கு முந்தி அவர் கேட்டது, நொவெம்பரில் அவள் கொடுத்த வாக்கு, இரண்டும் ஒரு பக்கம். விருப்பமில்லை என்பது மறுபக்கம். உரிந்த உள்ளங்கை எரிந்தது. கைபிடியை ஒருமுறை இறுக்கிப் பிடித்துத் திருகினாள். பிறகு தள்ளினாள். யன்னல் முழுவதும் திறந்து வெளிச்சுவரில் இடித்து நின்றது.

போகட்டும் என்று திறந்ததில் முதலில் உள்ளே வந்ததுதான் அதிகம். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளின் கூச்சல், பெரிய தெருவில் பஸ் பிரேக் போடும் சத்தம், யாரோ வெங்காயம் பொரிக்கும் மணம், எலும்பு வரைக்கும் போகிற குளிர். திரைச்சீலை எழும்பிக் கட்டில் பக்கமாகப் பறந்தது. நகுலேஸ்வரி ஒதுங்கிச் சுவரோடு நின்றுகொண்டாள், வழியில் நிற்கக் கூடாதென்பதுபோல.

நோர்வே இல்லத்தில் பத்து நிமிடம்தான். பத்து நிமிடம் கழித்து யன்னலைச் சாத்திவிட்டு, சொந்தக்காரரை உள்ளே விட வேண்டும். திறந்த கைதான் சாத்தவும் வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். பத்து நிமிடம் போனது. நகுலேஸ்வரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அரை மணித்தியாலம் போனது.

"பூட்டட்டே அம்மா? நீங்கள் விறைச்சுப் போவியள்."

"கொஞ்சம் இருக்கட்டும்."

மெற்றில்டா வந்து கோட்டைக் கழற்றினாள். அறைக்குள் வந்ததும் மறுபடி போட்டுக்கொண்டாள். செய்ய வேண்டியதைச் செய்து, நேரத்தை எழுதிவிட்டு, நகுலேஸ்வரியின் தோளில் கொஞ்ச நேரம் கைவைத்திருந்தாள். "நல்லாச் செய்தியள் அன்ரி," என்றாள்.

ஐந்து மணிக்குமேல் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கீழே முன்னறை நிறைந்தது. சுந்தரராஜன் மேலே வந்தார். சண்முகராசாவின் காலடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, தொழில்காரனுடைய பார்வை தானாக யன்னலுக்குப் போனது. வெட்டின விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"யாரு அண்ணி வெட்டினது? நீங்களா?"

"ஓம்."

"சுத்தமா வெட்டியிருக்கீங்க. அண்ணன் பாத்திருந்தா குத்தம் சொல்லியிருக்க மாட்டார்." சொல்லிக்கொண்டே கை நீட்டிக் கைபிடியைப் பிடித்தார். "ரொம்பக் குளிருது. சாத்திடறேன்."

"கையை எடுங்கோ," என்றாள் நகுலேஸ்வரி.

சத்தமாகச் சொல்லவில்லை. சுந்தரராஜன் கையை எடுத்தார். மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையை அசைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

ஏழு மணிக்குக் கறுப்புக் கோட்டுப் போட்ட இருவர் வந்து, மரியாதையாகப் பேசி, மெதுவாக, படியில் இடிக்காமல் சண்முகராசாவைக் கொண்டுபோனார்கள். வாசல் வரைக்கும் நகுலேஸ்வரி கூடப் போனாள். வாகனம் தெருவைத் திரும்பும் வரை நின்றாள். கீழே இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். கோசிகா கோப்பைகளைக் கழுவி முடித்துப் பார்த்தபோது தாயைக் காணவில்லை.

மேலே லைட் போடாமல் இருந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் விரிப்பில்லாத கட்டில் தெரிந்தது. பக்கத்தில், அதே கதிரையில், தாய் இருந்தாள். அகலத் திறந்த யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோசிகா யன்னலடிக்குப் போனாள். கைபிடிக்குக் கை எட்டும் தூரத்தில் நின்று தாயைத் திரும்பிப் பார்த்தாள். தாய் வேண்டாம் என்று சொல்லவில்லை, கண்ணை யன்னலிலிருந்து எடுக்கவும் இல்லை.

கோசிகா கீழே போய் இரண்டு கோட்டுகளோடு வந்தாள். ஒன்றைத் தாயின் தோளில் போட்டு, கழுத்து வரைக்கும் தெறிகளை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டாள். மற்றதைத் தான் போட்டுக்கொண்டாள். பிறகு யன்னலின் கீழே குனிந்து, ரேடியேற்றரின் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பிவிட்டு வந்து, நிலத்தில் தாயின் காலடியில் உட்கார்ந்தாள்.